மூடி திறக்க மறுத்தால்



ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் ரயிலைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். ரயிலும் இதில் கொஞ்சம் வரும். ஆனால் கட்டுரை, ஊறுகாய்க் குப்பி, தேன் குப்பி, எவர்சில்வர் சம்படம், மாத்திரை அட்டை இவற்றைத் திறப்பது பற்றியது. இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று சிரிப்பவர்கள் அடுத்த பத்தியையும் படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை. நான் நெய்யாற்றின்கரையில் ஒரு திருமண வீட்டுக்குப் போயிருந்தேன். பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் மனைவி தனியே இருந்தாள். தொண்டைக் கட்டுக்குத் தேன் எடுக்கலாம் என்று குப்பியை எடுத்திருக்கிறாள். மார்த்தாண்டத்து உறவினர் வீட்டுத் தேன், பழைய காப்பித்தூள் குப்பியில் ஊற்றித் தந்தது. மூடி அசையவில்லை. துணியால் பிடித்துப் பார்த்தாள், முடியவில்லை. காய்கறிக் கத்தியின் முனையை மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே செருகி நெம்பினாள். கத்தி வழுக்கி இடது உள்ளங்கையில் இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். ஐந்து தையல். காயம் ஆறிவிட்டது, ஆனால் ஆட்காட்டி விரலின் நுனியில் இன்றும் சரியான உணர்ச்சி இல்லை. பூத் தொடுக்கும்போது நார் விரலில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்து கொள்கிறாள்.

அன்று இரவு கட்டுப் போட்ட கையைப் பார்த்துக் கொண்டே கேட்டாள்: “முப்பத்தெட்டு வருசம் ரயில் பெட்டியக் கழத்தி மாட்டினீங்க. ஒரு மூடியை எப்படித் தொறக்கணும்னு எனக்கு ஒரு நாளாவது சொல்லித் தந்தீங்களா?”

உண்மைதான். வீட்டில் எந்த மூடி இறுகினாலும் என்னிடம் வரும். நான் ஒரு திருகு திருகிக் கொடுப்பேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. வேலையிடத்தில் துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற ஒரு புதிய கலாசிக்கு எத்தனை பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! வீட்டில் சொல்லவில்லை. அந்தக் கடனைத்தான் இப்போது அடைக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி

இறுகிய மூடியைக் கையில் எடுத்ததும் நாம் எல்லோரும் செய்வது, பல்லைக் கடித்துக் கொண்டு திருகுவது. பணிமனையில் அப்படிச் செய்தால் திட்டு விழும். அங்கே முதல் கேள்வி, ‘இதை எது பிடித்துக் கொண்டிருக்கிறது?’ என்பது. வீட்டு மூடியைப் பிடித்து வைப்பவை பெரும்பாலும் நான்கு: உள்ளே இருக்கும் வெற்றிடம், புரியில் காய்ந்து போன பண்டம், துரு, இவை எதுவுமே இல்லாமல் நம் கையின் வழுக்கல். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. வெற்றிடத்துக்கு எண்ணெய் விட்டுப் பயனில்லை. காய்ந்த தேனுக்கு நெம்பிப் பயனில்லை.

வெற்றிடம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் ரயில் பெட்டிகளில் வெற்றிட பிரேக்தான். பெட்டிக்கு அடியில் ஒரு சிலிண்டர், அதற்குள் ஒரு பிஸ்டன். ஓடும்போது பிஸ்டனுக்கு மேலும் கீழும் காற்று உறிஞ்சப்பட்டிருக்கும். பாதரச அளவில் சுமார் 50 சென்டிமீட்டர். டிரைவர் குழாய்க்குள் காற்றை விட்டால், அது பிஸ்டனின் அடிப்பக்கம் மட்டும் போய் மேலே தள்ளும், பிரேக் பிடிக்கும். எஞ்சினைக் கழற்றிக் கொண்டு போன பிறகும் மேல்பக்கத்து வெற்றிடம் அப்படியே இருக்கும். அந்தப் பெட்டியை எத்தனை பேர் சேர்ந்து தள்ளினாலும் நகராது. ஆனால் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கம்பி இருக்கும். கலாசி வந்து அதை ஓர் இழுப்பு இழுப்பார். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போகும், பிரேக் விட்டுவிடும். இப்போது பயணிகள் பெட்டிகளில் காற்று பிரேக் வந்துவிட்டது. அந்தக் கம்பியை இளைஞர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். நான் சொல்ல வந்தது இதுதான்: தள்ளுவதால் நகராதது, காற்றை உள்ளே விட்டால் நகர்ந்தது.

கடையில் வாங்கும் ஜாம், ஊறுகாய்க் குப்பிகளைச் சூடாக நிரப்பி மூடுகிறார்கள். ஆறியதும் உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. வெளிக் காற்று ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ வீதம் மூடியை அழுத்துகிறது. 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் பரப்பு ஏறக்குறைய 38 சதுர சென்டிமீட்டர். உள்ளே பாதி வெற்றிடம் என்று வைத்தாலும் 19 கிலோ பாரம் மூடியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பாரத்தோடு நாம் மூடியைத் திருகப் பார்க்கிறோம்.

இங்கே இழுக்கக் கம்பி இல்லை. ஒரு ஸ்பூன் போதும். தடித்த ஸ்பூனின் காம்பு நுனியை மூடியின் கீழ் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைத்து, வெளிப்பக்கமாக மெதுவாக நெம்ப வேண்டும். ஓரிடத்தில் அசையாவிட்டால் சற்றுத் தள்ளி இன்னோர் இடத்தில். மூடியின் உட்புறம் நாலைந்து சிறு பற்கள் இருக்கும். அந்தப் பற்கள் இல்லாத இடத்தில்தான் விளிம்பு வளைந்து கொடுக்கும். ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். மூடியின் நடுவில் குழிந்திருந்த பொட்டு மேலே எழும். அதற்குப் பிறகு குழந்தைகூடத் திறக்கலாம். கத்தி வேண்டவே வேண்டாம். கத்திக்கு ஓரம் கூர்மை, தகடு மெலிவு. நெம்புவதற்கென்று செய்ததல்ல அது.

அந்தப் பொட்டைப் பற்றி இன்னொன்று. வாங்கும்போதே அது மேலே எழுந்து நின்றாலோ, தகர டின்னின் மூடி உப்பியிருந்தாலோ, அதை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். வீட்டில் இருப்பது அப்படி உப்பினால் ருசி பார்க்காமல் எறிந்து விடுங்கள். உள்ளே கெட்டுப்போய் வாயு உண்டாகியிருக்கலாம்.

நம் வீடுகளில் நாமே அறியாமல் வெற்றிடம் செய்கிறோம். எவர்சில்வர் சம்படத்தில் சூடான சாம்பாரையோ பாயசத்தையோ ஊற்றி இறுக மூடுகிறோம். 80 டிகிரி சூட்டில் உள்ளே இருக்கும் காற்றில் ஏறக்குறைய பாதி நீராவி. ஆறியதும் நீராவி தண்ணீராகிவிடும்; வெற்றிடம் மிஞ்சும். 10 சென்டிமீட்டர் அகல மூடி என்றால் சுமார் 39 கிலோ பாரம்! உறவினர் வீட்டுக்குப் பஸ்ஸில் கொண்டு போன பாயசம் திறக்க முடியாமல் போன கதை நம் சங்கத்துக் குடும்பங்களில் எத்தனை பேருக்கு நடந்திருக்கும்! சம்படத்தைத் தரையில் தட்டினால் மூடி நசுங்கி இன்னும் இறுகும். அகலமான பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதில் சம்படத்தைப் பாதி உயரம் முங்கப் பத்து நிமிடம் வையுங்கள். உள்ளே மறுபடி ஆவி எழும். மூடி தானே இளகும். அடுத்த முறை மூடும்போது, ஆவி அடங்கும் வரை மூடியைச் சாய்த்து வைத்திருந்து பிறகு அழுத்துங்கள்.

குக்கரும் இதே கதைதான். அடுப்பை அணைத்து வெகுநேரம் கழித்து வந்தால் சிலசமயம் மூடி வராது. முழுக்க ஆறிவிட்டது என்பது நிச்சயமானால் மேலே உள்ள வெயிட்டைத் தூக்குங்கள். காற்று உள்ளே போகும், மூடி வந்துவிடும். சூடாக இருக்கும் குக்கரின் மூடி வராவிட்டால் அது வெற்றிடமல்ல, நேர் எதிர். உள்ளே அழுத்தம் இருக்கிறது. அங்கே வீரம் காட்டக் கூடாது.

உள்ளிருக்கும் அழுத்தமே மூடியாக வேலை செய்யும் பொருளும் ஒன்று உண்டு: நம் கோலி சோடா. ஆங்கிலேயரான ஹிராம் காட் 1872-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. வாயு கோலியை மேலே தள்ளிக் கழுத்தில் உள்ள ரப்பர் வளையத்தோடு அடைத்து நிற்கும். இழுத்தால் வராது, உள்ளே அழுத்த வேண்டும். களியக்காவிளைச் சந்தையில் சோடா குடித்து வளர்ந்த எங்களுக்கு அது சின்ன வயதிலேயே கிடைத்த பாடம். ஆனால் பாடம் என்று அப்போது தெரியவில்லை.

தேன், சர்க்கரை, உப்பு

என் மனைவியின் கையை அறுத்தது வெற்றிடமல்ல. அந்தக் குப்பி பலமுறை திறந்து மூடியது. தேன் ஊற்றும்போது புரியில் வழிந்து, காய்ந்து, பசையாகப் பிடித்துக் கொண்டது.

எங்கள் பக்கத்தில் இது எல்லார் வீட்டிலும் உள்ள தொல்லை. ஏனென்றால் தேன் எல்லார் வீட்டிலும் உண்டு. மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் 1920-களில் பெட்டி வைத்துத் தேனீ வளர்ப்பதைக் கற்றுக் கொடுத்தார். ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய பின் தேனும் பெருகியது. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்து, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. ஆனால் தேன் குப்பி எந்தச் சோதனைச் சாவடியிலும் நிற்காமல் இன்றும் இந்தப் பக்கம் வந்து கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பக்கத்தார் பாட்டில் என்பதை நாங்கள் குப்பி என்கிறோம், ஜாடியைப் பரணி என்கிறோம். உள்ளே இருக்கும் பண்டம் ஒன்றே.

காய்ந்த தேனுக்கு வைத்தியம் தண்ணீர்தான். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, குப்பியைத் தலைகீழாக, மூடி மட்டும் முங்கும்படி ஐந்து நிமிடம் பிடியுங்கள். சர்க்கரை கரைந்துவிடும். பிறகு துடைத்து, உலர்ந்த கையால் திருகுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை உடனே கொதிநீரில் வைத்தால் கண்ணாடி விரிசல் விடும். அதைச் சற்று வெளியே வைத்திருந்து பிறகு செய்யுங்கள்.

‘வெந்நீரில் உலோக மூடி விரிவடைகிறது, அதனால்தான் திறக்கிறது’ என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 13 மீட்டர் தண்டவாளம் 30 டிகிரி சூடு ஏறினால் நாலரை மில்லிமீட்டர் நீளும்; அதற்காகத்தான் இடைவெளி விடுகிறோம். ஆனால் 7 சென்டிமீட்டர் இரும்பு மூடி 40 டிகிரி சூடேறினால் விரிவது 0.034 மில்லிமீட்டர்தான், தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய பாதி. கண்ணாடியும் கூடவே சூடானால் அதுவும் இதில் முக்கால் பங்கு விரிந்துவிடும். ஆகவே விரிவடைவது கொஞ்சம் உதவும், அவ்வளவே. பசையைக் கரைப்பதும், ரப்பர் போன்ற உள்பூச்சை இளக்குவதும், உள்ளே உள்ள காற்றைச் சூடாக்கி வெற்றிடத்தைக் குறைப்பதும்தான் வெந்நீரின் பெரிய வேலைகள். பேரனுக்கு அறிவியல் சொல்லிக் கொடுக்கும் தாத்தாக்கள் இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

விரிவு முழுமையாக உதவும் இடம் வேறு. ஒன்றுக்குள் ஒன்று சிக்கிய இரண்டு எவர்சில்வர் தம்ளர்கள். உள் தம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றுங்கள், வெளித் தம்ளரை வெந்நீரில் வையுங்கள். ஒன்று சுருங்கும், மற்றது விரியும். ஒரு சிறு திருப்பில் பிரிந்துவிடும்.

ஊறுகாயில் உள்ள உப்பும் புளிப்பும் தகர மூடியை அரித்துத் துருவாக்கும். துருவுக்குத் தேங்காயெண்ணெய் ஓரிரு துளி விளிம்பில் விட்டு, இரவு முழுதும் தலைகீழாக வைக்கலாம். அதற்குப் பிறகும் வராவிட்டால் மூடியைத் தியாகம் செய்துவிடுங்கள். துருப்பிடித்த மூடிக்கடியில் இருந்த ஊறுகாயும் வேண்டாம். நம் பாட்டிமார் ஊறுகாயைப் பரணியில் போட்டு வாயைத் துணியால் கட்டி வைத்தார்கள். புரியே இல்லாத பாத்திரத்தில் புரி இறுகுவது எப்படி? அதை நினைக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பரணியை யாரோ பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்ட கோபம் எனக்கு வரும்.

கை வழுக்கல்

மூடியைப் பிடித்தவுடன் கை சுற்றிக் கொண்டு போகிறது, மூடி நிற்கிறது என்றால் உராய்வு போதவில்லை. எங்கள் ஊரில் இதற்கு மருந்து வேலியில் தொங்குகிறது. நாலு ரப்பர் மரம் உள்ள வீட்டிலும் ஷீட் அடித்துக் காயப்போட்டிருப்பார்கள். அதில் கைக்குட்டை அளவு ஒரு துண்டு வெட்டி மூடியின் மேல் போட்டுத் திருகினால் துணியால் வராதது வரும். ரப்பர் இல்லாத ஊரில் இருப்பவர்கள் பழைய சைக்கிள் ட்யூபையோ, பாத்திரம் துலக்கும் கையுறையையோ பயன்படுத்தலாம்.

நிற்கும் முறையும் உண்டு. குப்பியை ஈரத்துணியின் மேல் இடுப்பு உயர மேடையில் வைத்து, ஒரு கையால் அணைத்துக் கொள்ளுங்கள். மற்ற உள்ளங்கையை மூடியின் மேல் வைத்து, மணிக்கட்டைத் திருப்பாமல் முழங்கையும் தோளும் சேர்ந்து சுழலும்படி திருப்புங்கள். மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு விரலில் பலம் இல்லாவிட்டாலும் தோளில் இருக்கும். என் மனைவி இப்போது இப்படித்தான் திறக்கிறாள், என்னைக் கூப்பிடுவதில்லை.

திசையையும் ஒருமுறை பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றினால்தான் திறக்கும். தலைகீழாகப் பிடித்தபோது பதற்றத்தில் இறுக்கியவர்கள் உண்டு. பணிமனையில் அசிடிலீன் சிலிண்டருக்கு வேண்டுமென்றே இடப்புரி வைத்திருப்பார்கள். புதிதாக வந்த பையன் அரைமணி நேரம் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக் கொண்டிருப்பான். நாங்களும் இருந்தவர்கள்தானே என்று சிரிப்போம்.

மருந்துக் குப்பி

எங்கள் தெருக்கோடியில் எண்பது தாண்டிய ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். மகன் வளைகுடாவில். விடுமுறையில் வந்தபோது வெளிநாட்டு வைட்டமின் மாத்திரைக் குப்பி ஒன்று கொண்டு வந்து கொடுத்தான். ஆறு மாதம் கழித்து நான் போனபோது குப்பி அப்படியே அலமாரியில் இருந்தது. “சுத்திச்சுத்திப் பாத்தேன் மக்களே, டக்கு டக்குன்னு சத்தம் வருது, தொறக்கல்ல. ஒடஞ்சு போச்சு போல. அவன்ட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவானேன்னு சொல்லல்ல” என்றார்.

அது உடையவில்லை. குழந்தைகள் திறக்காமலிருக்கச் செய்த மூடி. கனடாவின் வின்ட்ஸர் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஹென்றி ப்ரோ, மருந்தைத் தின்பண்டம் என்று எடுத்து விழுங்கும் குழந்தைகளைக் கண்டு மனம் வெதும்பி, 1967-ல் இந்த வகை மூடியைக் கொண்டுவர வழி செய்தார். உள்ளங்கையால் கீழே அழுத்தி, அழுத்தியபடியே திருப்ப வேண்டும். வெறுமனே சுற்றினால் டக் டக் என்று சத்தம்தான் வரும். எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றிய மூடி. ஆனால் இந்தப் பாட்டிக்கு அழுத்திக் கொண்டே திருப்பும் பலமில்லை. வீட்டில் குழந்தைகள் இல்லாததால், மருந்துக் கடைக்காரரிடம் கேட்டு, சாதாரண மூடி உள்ள குப்பிக்கு அதை மாற்றிக் கொடுத்தேன். எல்லா மாத்திரைகளையும் இப்படி மாற்றக் கூடாது. சில, காற்றின் ஈரம் பட்டால் கெட்டுவிடும். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் பிறகுதான் தெரிந்தது. ரத்த அழுத்த மாத்திரையையும் அவர் சில நாட்கள் விட்டுவிடுகிறார். அட்டையிலிருந்து பிதுக்க விரலில் வலுவில்லை. இதை டாக்டரிடம் சொல்ல வெட்கம். மாத்திரை அட்டையை ஒரு சிறு கிண்ணத்தின் வாயில் வைத்து, ஸ்பூன் காம்பின் மழுங்கிய நுனியால் அழுத்தினால் மாத்திரை கிண்ணத்துக்குள் விழும். இருபக்கமும் தகடாக உள்ள அட்டையை ஓரத்தில் கத்தரியால் சிறிது நறுக்கிக் கொடுத்தால் கிழிக்க வரும். ஊரில் தனியாக இருக்கும் பெற்றோரிடம் போனில் பேசும் பிள்ளைகள் ‘மருந்து சாப்பிட்டீங்களா?’ என்று மட்டும் கேட்காமல், ‘அட்டையிலிருந்து எடுக்க வருதா?’ என்றும் கேளுங்கள்.

பார்சலும் பிளாஸ்டிக்கும்

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து வரும் பார்சலில் ஒட்டு நாடாவைப் பத்துச் சுற்றுச் சுற்றுகிறோம். சுற்றி முடிக்கும் நுனியை அரை அங்குலம் உள்ளே மடித்து ஒட்டிவிட்டால், பிரிப்பவர் அதைப் பிடித்து இழுத்தால் போதும். கனமான பிளாஸ்டிக் கூட்டுக்குள் வரும் ரேஸர், சார்ஜர் போன்றவற்றைக் கையால் கிழிக்காதீர்கள். வெட்டிய பிளாஸ்டிக் ஓரம் பிளேடு மாதிரி. டின் திறக்கும் கருவியை ஓரமாக ஓட்டினாலோ, தடித்த கத்தரியால் மூன்று பக்கமும் வெட்டினாலோ நல்லது. எண்ணெய்ப் பொட்டலத்தை ஒரு பாத்திரத்துக்குள் நிறுத்தி வைத்து மேல்மூலையை நறுக்குங்கள், பல் வேண்டாம்.

திறப்பவனை மறந்து அடைத்து வைப்பது இன்று வந்த பழக்கமல்ல. தகர டப்பாவில் உணவை அடைக்கும் முறைக்கு இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் 1810-ல் காப்புரிமை பெற்றார். அதைத் திறப்பதற்கென்று ஒரு கருவி 1850-களில்தான் வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஜனங்கள் உளியும் சுத்தியலும் வைத்து உடைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

எங்கள் சமையலறையில் இப்போது ஆணியில் ஒரு ரப்பர் ஷீட் துண்டும், பக்கத்தில் ஒரு தடித்த பழைய ஸ்பூனும் தொங்குகின்றன. தேன் குப்பியை மூடும் முன் புரியை ஈரத்துணியால் துடைக்கும் வேலை என்னுடையது. மறந்தால் திட்டு உண்டு. எந்த வழிக்கும் மசியாத குப்பி யார் வீட்டிலாவது இருந்தால் அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். ஸ்பூன் நான் கொண்டு வருகிறேன்.